வலியை உறங்க வைத்தவர்

அமாவாசை அன்று மாலையில் செஞ்சி பஸ் நிலையத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், மேல்மலையனூர் செல்லும் பஸ்களில் கால் வைக்கவும் இடம் இராது. அங்காளம்மனை வணங்கச் செல்லும் அந்தக் கூட்டத்தில் நேர்த்திக்கடன் செலுத்துவோர் ஒரு பங்கு என்றால், தீராத தலைவலிக்காரரும் இடுப்புவலிக்காரரும் காரணம் தெரியாமல் உடம்பு எரிகிறவர்களும் மற்றொரு பங்கு. ஊருக்குள்ளேயும் இதற்குக் குறைவில்லை. சுளுக்கு நீவுபவர் இருக்கிறார். வேப்பிலை அடித்து மந்திரிப்பவர் இருக்கிறார். அழும் குழந்தையை ஏந்திக்கொண்டு, பள்ளிவாசலில் தொழுகை முடித்து வருவோரிடம் ஓதி ஊதச் சொல்லிக் காத்து நிற்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

என் ஆயாவுக்குப் பத்து ஆண்டுகளாகக் கழுத்திலும் தோளிலும் வலி. கடலைக் கொல்லையில் களை வெட்டியும் தலைச்சுமை தூக்கியும் வாழ்ந்த உடம்பு. டாக்டர் ஒருவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். அதன் பின்னர் ஆயா வெள்ளிக்கிழமைதோறும் நீவுபவரிடம் போகத் தொடங்கினார். விலங்கியல் படிக்கும் கர்வத்தில், எல்லாம் மனப்பிரமை என்று நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். ஆயா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் அவரைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார். நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்க எனக்கும் வாய் வரவில்லை.

இதே வழக்கு, இதே சொற்களோடு, இற்றைக்கு நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் வங்காளத்தில் நடந்திருக்கிறது. அங்கே நீவியவர் எந்தக் கோயில் வாசலிலும் உட்கார்ந்திருந்தவர் அல்லர். எடின்பரோவில் பட்டம் பெற்ற, கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசாங்க டாக்டர். அவர் பெயர் ஜேம்ஸ் எஸ்டெயில்.

எஸ்டெயில் ஸ்காட்லாந்து நாட்டின் மான்ட்ரோஸ் நகரில் 1808-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பெர்த் நகரத்துக் கிறித்தவ குருமார். மகனுக்கு இளமையிலிருந்தே மார்பு பலவீனம், குளிர் ஆகாது. எடின்பரோவில் மருத்துவம் பயின்றபின், வெயில் உள்ள நாடே தமக்கு உகந்தது என்று கருதியோ என்னவோ, கம்பெனி வேலையை ஏற்று 1831-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். ஐந்து ஆண்டுகளில் உடல்நலம் கெட்டு நீண்ட விடுப்பில் சென்றார். செங்கடல், எகிப்து வழியாகச் சென்ற அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1838-இல் திரும்பி வந்தவரை, கல்கத்தாவுக்கு வடக்கே கங்கையின் கிளையாற்றங்கரையில் உள்ள ஹூக்ளி ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே ஆஸ்பத்திரியும் சிறைச்சாலை மருத்துவமும் அவர் பொறுப்பு. சிறிது காலம் ஹூக்ளிக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்திருக்கிறார். ஆசிரியப் பெருமக்கள் இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

1845 வரை அவரிடம் சிறப்பாகச் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. கம்பெனியில் அவரைப் போல் பல டாக்டர்கள் இருந்தார்கள்.

அவர் செய்ததன் அருமை விளங்க வேண்டுமானால், அன்றைய அறுவை மருத்துவம் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். மயக்க மருந்து கிடையாது. ஈதரும் வரவில்லை, குளோரோபாரமும் வரவில்லை. சாராயமோ அபினோ கொடுத்து, நோயாளியைப் பலகையில் கட்டி, நான்கு ஆட்கள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, கத்தியை எடுப்பார்கள். எவ்வளவு விரைவில் அறுத்து முடிக்கிறாரோ அவ்வளவு பெரிய டாக்டர் என்று பெயர். கத்தியினால் இறந்தவர்களைப் போலவே அதிர்ச்சியினால் இறந்தவர்களும் உண்டு. அறுவை செய்துகொள்வதைவிட நோயோடு செத்துப் போவதே மேல் என்று வீட்டோடு கிடந்தவர்களே மிகுதி.

வங்காளத்தில் அப்படிக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் யானைக்கால் நோயாளிகள். நம் பக்கத்திற்கும் இந்நோய் புதிதன்று. பைலேரியா புழுவை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறோம். அதைக் கியூலெக்ஸ் கொசு பரப்புகிறது என்று தேர்வில் எழுதியிருக்கிறோம். கொசுவுக்கும் இந்தப் புழுவுக்கும் உள்ள தொடர்பைப் பேட்ரிக் மான்சன் சீனத்தில் கண்டறிந்தது 1877-இல்தான். எஸ்டெயில் காலத்தில் காரணமே தெரியாது. கால் வீங்குவது மட்டுமன்று. விரைப்பையில் நீர் சேர்ந்து ஓதமாகும், சிலருக்கு அங்கே சதையே வளர்ந்து பூசணிக்காய் அளவு, அதற்கும் மேலே நூறு பவுண்டு வரையில் தொங்கும். நடக்க முடியாது, உழைக்க முடியாது, வெளியே தலைகாட்ட முடியாது. அந்தக் கட்டியை அறுத்தெடுக்கப் புகுந்தால் பாதிப் பேர் பிழைப்பதே அரிது என்பது அன்றைய நிலை.

1845 ஏப்ரல் 4. ஹூக்ளிச் சிறை ஆஸ்பத்திரிக்கு விலங்கு பூட்டிய கைதி ஒருவரைக் கொண்டுவந்தார்கள். இரு பக்கமும் ஓதம். ஒரு பக்கத்து நீரை இறக்கிவிட்டு, அது மறுபடி சேராதிருக்க எரிச்சலூட்டும் மருந்து நீரை உள்ளே செலுத்துவது அன்றைய முறை. செலுத்தியவுடன் அந்த மனிதர் வலி தாங்காமல் சுருண்டு துடித்தார். பார்த்துக்கொண்டு நின்ற எஸ்டெயிலுக்குத் தாம் எங்கோ படித்த மெஸ்மரிசம் நினைவுக்கு வந்தது. அதை அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை. தம் உதவி மருத்துவரான வங்காள இளைஞரைக் கேட்டார். அவரோ, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை செய்து பார்த்தார்கள், பலிக்கவில்லை என்றார். பலிக்காவிட்டால் போகட்டும் என்று எஸ்டெயில் கைதியின் எதிரே உட்கார்ந்தார். கண்களை மூடச் சொன்னார். முகத்துக்கு நேரே தொடங்கி வயிறு வரையில் இரு கைகளாலும் நீவுவது போல மெல்லக் கொண்டுவந்தார். அரை மணி கழிந்தும் ஒன்றும் நடக்கவில்லை. கை ஓய்ந்தது. விட்டுவிடலாம் என்று எண்ணிய நேரத்தில் கைதியின் பேச்சுக் குழறத் தொடங்கியது. கேள்விக்கு விடை தாமதித்து வந்தது. பிறகு வரவே இல்லை.

அதன் பின்னர் நடந்த சோதனைகளை இன்று படித்தால் நமக்கே உடம்பு கூசுகிறது. ஊசியால் குத்தினார்கள். முழங்காலில் நெருப்பு வைத்தார்கள். மூக்கில் அமோனியாவைக் காட்டினார்கள். அசைவில்லை. தாம் கண்டதைத் தாமே நம்பாமல், ஊரிலிருந்த நீதிபதியையும் கலெக்டரையும் வரவழைத்துக் காட்டினார். சில நாள் கழித்து அதே கைதியை மறுபடி உறங்க வைத்து மறு பக்கத்து ஓதத்திற்கும் சிகிச்சை செய்தபோது அவர் முனகவும் இல்லை.

கைதியிடம் சம்மதம் கேட்டார்களா என்று நாம் இன்று கேட்போம். கேட்டதாகத் தெரியவில்லை. அவருடைய தொடக்க காலச் சோதனைகளில் கைதிகள் அகப்பட்டது தற்செயல் ஆகாது. மறுக்க முடியாதவர்கள் அவர்கள். எஸ்டெயிலின் புகழைப் பேசுவோர் இதை விட்டுவிடுகிறார்கள். விடக் கூடாது என்பது என் எண்ணம்.

அடுத்த எட்டு மாதங்களில் ஹூக்ளியில் வலியின்றிச் செய்த அறுவைகள் 73 என்று அவர் கணக்குக் கொடுத்தார். கை வெட்டியது, மார்பகம் எடுத்தது, பெரும் கட்டிகளை அறுத்தது, பல் பிடுங்கியது எல்லாம் அதில் அடக்கம். அதோடு கத்தியின்றி நீவியே குணப்படுத்தியதாக 18 நோயாளிகளின் பட்டியலும் சேர்த்தார். நம் பொருளுக்கு இந்தச் சிறிய பட்டியலே முக்கியம். நரம்புத் தலைவலி, முகத்து நரம்பு வலி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சையாட்டிகா வலி, ஆண்டுக்கணக்கில் நீடித்த வாத வலியும் அதனால் வந்த நொண்டலும், வயிற்றுச் சூலை. அறுவை வலி ஒரு நாளோடு போவது; இவை மாதக்கணக்கில் மனிதனோடு கூடவே குடியிருப்பவை. 1846-இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல் இந்தியாவில் மெஸ்மரிசம் என்னும் பொருள்படும் தலைப்பைத் தாங்கியது. அதில் இவை யாவும் வரிசையாக உள்ளன.

அவருடைய முறை எளிது. ஆனால் நேரம் பிடிப்பது. இருட்டிய அறையில் நோயாளியைப் படுக்க வைத்து, சாதாரணச் சிகிச்சைதான் என்பது போல் காட்டிக்கொள்வார்கள். தலைமாட்டில் ஒருவர் அமர்ந்து, குனிந்து, முகத்துக்கு மேலே கைகளை நகர்த்திக்கொண்டே, கண்களிலும் மூக்கிலும் இதழ்களிடையிலும் மெல்ல ஊதுவார். ஒரு மணி, இரண்டு மணி, சிலருக்கு அதற்கு மேலும். ஒரு நாளில் முடியாவிட்டால் பல நாள் தொடர்ந்து. எஸ்டெயில் சில வாரங்களிலேயே களைத்துப்போய் இதைத் தம் கையால் செய்வதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார். அதன் பிறகு நீவியவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியில் வேலை செய்த வங்காள இளைஞர்கள்: கம்பவுண்டர்கள், புண்ணுக்குக் கட்டுக் கட்டுவோர், இந்துக்களும் முஸ்லிம்களும். வங்காளத்துப் புழுக்கத்தில் இருட்டறையில் மணிக்கணக்காகக் குனிந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். டாக்டர் உறக்கம் முதிர்ந்த பின்னர் வந்து கத்தியை எடுப்பார். புகழ் யாருக்குச் சென்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இளைஞர்களுக்கு அந்த வேலை அந்நியமாகத் தோன்றியிராது. தலையிலிருந்து கீழ்நோக்கி நீவுவதும் ஊதுவதும் வங்காள மந்திரவாதிகளின் வழக்கமும்தானே. எஸ்டெயிலே ஒரு மந்திரவாதியைச் சந்தித்ததைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். தானும் அதே தொழில்காரன் என்று சொல்லி, தலைவலி இருப்பதாகப் பாவித்து, அவரிடம் மந்திரித்துக்கொண்டார். அந்த மனிதர் செம்பில் நீரும் இலையோடு ஒரு கிளையும் கேட்டு வாங்கி, முணுமுணுத்து, நீவி, ஊதினார். தாம் ஆஸ்பத்திரியில் செய்வதும் இதுவும் ஒன்றே என்று டாக்டர் முடிவு கட்டினார். அன்றைய வெள்ளைக்காரர்களில் இப்படிச் சமமாக உட்கார்ந்து பார்த்தவர்கள் சிலரே.

அதே ஊரில் மற்றொரு வேடிக்கையும் நடந்தது. ஒரு நாவிதர் மந்திரம் போட்டுச் சிறுவனை அழைத்துப் போனார் என்று வழக்கு. நம் ஊர்களில் பிள்ளை பிடிப்பவன் மை தடவிக் கூட்டிப் போவான் என்று சொல்லி நம்மைப் பயமுறுத்தினார்களே, அதே கதைதான். அப்படி நடக்கக்கூடுமா என்று நீதிமன்றம் எஸ்டெயிலைக் கேட்டது. அவர் நடக்கும் என்றதோடு நில்லாமல், தம்மிடம் முன்பு சிகிச்சை பெற்றவர்களை நீதிமன்றத்திலேயே நிறுத்தி, அவர்கள் அறியாதபடி பின்னால் நின்று உறங்க வைத்துக் காட்டினார்.

கல்கத்தா டாக்டர்களிடையே எதிர்ப்புக் கிளம்பாமல் இருக்குமா? இங்கிலாந்திலிருந்தே எதிர்ப்பு தயாராக வந்தது. மெஸ்மர் என்ற வியன்னா மருத்துவர் உடலிலிருந்து உடலுக்குப் பாயும் காந்தப் பாய்மம் ஒன்று உண்டு என்றார். அதை ஆராய 1784-இல் பிரெஞ்சு மன்னர் ஒரு குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்கிளினும் வேதியியல் மேதை லவாய்சியேயும் அதில் இருந்தார்கள். பாய்மம் என்று ஒன்றும் இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்பது அவர்கள் தீர்ப்பு. இலண்டனில் மெஸ்மரிசத்தைக் கையாண்ட ஜான் எலியட்சன் என்னும் பேராசிரியர் 1838-இல் பதவியை விட்டு விலக நேர்ந்தது. லான்செட் இதழின் ஆசிரியர் வாக்லி அவரைக் கடுமையாகத் தாக்கினார். 1842-இல் நாட்டிங்காம்ஷயரில் ஒரு தொழிலாளியின் காலை மெஸ்மரிச உறக்கத்தில் வெட்டியபோது, அவர் வலிக்காதது போல் நடித்தார் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. தொடையை அறுக்கும்போது நடிக்கக்கூடியவரை என்னவென்று சொல்வது!

எஸ்டெயிலிடமும் அதையே சொன்னார்கள். இந்தியர்கள் துரையைத் திருப்திப்படுத்த நடிக்கிறார்கள் என்பது ஒரு வாதம். கருப்பு மனிதருக்கு வலி அவ்வளவு உறைக்காது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரே வாயால் சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். எஸ்டெயிலின் மறுப்பு எளிமையானது: கத்திக்குப் பயந்து ஆண்டுக்கணக்கில் ஒளிந்து கிடந்த மக்கள் இப்போது ஏன் தொலைவிலிருந்து வந்து ஹூக்ளி வாசலில் காத்துக்கிடக்கிறார்கள்?

நூற்றுக்கு மேற்பட்ட அறுவைகள் ஆனதும் அவர் அரசாங்கத்துக்கு எழுதினார். வங்காளத் துணை கவர்னர் சர் ஹெர்பெர்ட் மேடக் 1846-இல் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தார். பெரும்பாலும் டாக்டர்களைக் கொண்ட அந்தக் குழுவின் முன்னிலையில், கல்கத்தாவில், எஸ்டெயில் தம் முறையைச் செய்துகாட்ட வேண்டும். அவர் வாழ்க்கையிலேயே நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

நோயாளிகளில் சிலர் நாள் கணக்கில் நீவியும் உறங்கவில்லை. அவர்களை விலக்கினார்கள். உறங்கியவர்களைக் கத்திக்கு உட்படுத்தினார்கள். அவர்களில் சிலர் மரக்கட்டை போலக் கிடந்தார்கள். மற்றவர்களின் உடல் அறுக்கும்போது நெளிந்தது, முகம் கோணியது, வாய் விட்டு அலறாத வேதனையில் ஒருவர் கிடப்பது போலவே குழுவினருக்குத் தோன்றியது. நாடித் துடிப்பும் சிலருக்கு மாறியது. ஆனால் விழித்தெழுந்தபின் கேட்டால், எங்களுக்கு ஒன்றும் தெரியாது, வலிக்கவில்லை என்றார்கள். அறுவை முடிந்துவிட்டது என்பதையே அறியாதவர்களும் இருந்தார்கள்.

குழு என்ன செய்யும்? முகத்தை நம்புவதா, வாயை நம்புவதா? வலி என்பது உடம்பு நெளிவதா, அல்லது வலிக்கிறது என்று ஒருவர் அறிவதா? அவர்கள் கையில் இந்தக் கேள்வி தெளிவாக வந்து விழுந்தது. அவர்கள் அதை எடுத்து ஆராயவில்லை. ஆனாலும் நேர்மையானவர்கள், கண்டதை மறைக்கவில்லை. வலியைத் தணிக்கும் ஆற்றல் இதற்கு உண்டு, மேலும் சோதிக்கத் தக்கது என்னும் வகையில் அக்டோபரில் அறிக்கை தந்தார்கள். அதன் பேரில் நவம்பரில் கல்கத்தாவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியை ஓராண்டுச் சோதனையாக எஸ்டெயிலிடம் ஒப்படைத்தார் மேடக். ஓர் அரசாங்கம் மெஸ்மரிசத்துக்கென்றே ஆஸ்பத்திரி திறந்தது அதுவரை கேள்விப்படாத செய்தி.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். குழுவின் அறிக்கை வந்த அதே 1846 அக்டோபர் மாதம், 16-ஆம் நாள், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் ஈதரை முகர வைத்து ஒரு நோயாளிக்கு வலியின்றி அறுவை செய்ய உதவினார். செய்தி கப்பலேறிக் கல்கத்தாவுக்கு வரச் சில மாதங்களே ஆயின. 1847 நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தைக் கண்டார். அது எஸ்டெயில் படித்த ஊர். மணிக்கணக்கான நீவல் எங்கே, சில நிமிட முகர்தல் எங்கே! முகர வைத்தால் ஏறக்குறைய எல்லோரும் மயங்குவர். நீவினால் சிலரே உறங்குவர். இருட்டறையும் வேண்டாம், பொறுமையும் வேண்டாம்.

ஈதர் ஆபத்தானது, தம் முறையில் அந்த ஆபத்து இல்லை என்று எஸ்டெயில் வாதாடினார். 1848 சனவரியில் இங்கிலாந்தில் கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் கொடுத்த 15 வயதுப் பெண் இறந்துபோனதை எண்ணினால் அவர் சொன்னது முழுதும் தவறன்று. ஆயினும் தோற்றுவிட்டார். சோதனை ஆண்டு முடிந்ததும் அரசாங்கம் ஆஸ்பத்திரியை மூடியது. மூடக் கூடாது என்று கல்கத்தா மக்கள் மனுக் கொடுத்தார்கள். மனு பயனற்றுப் போகவே, வசதி படைத்த வங்காளிகளும் பிறரும் சந்தா திரட்டி 1848-இல் தாங்களே ஒரு மெஸ்மரிச ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி எஸ்டெயிலிடம் பரிவு காட்டி அவரை மாகாணத் தலைநகர் டாக்டராக உயர்த்தினார். உயர்வு வந்தது, ஆனால் இயக்கம் வளரவில்லை. 1851-இல் அவர் இந்தியாவை விட்டுப் புறப்பட்டபோது பெரிய அறுவைகள் 261 என்றும், சிறியவை ஆயிரக்கணக்கில் என்றும் அவர் குறிப்பேடுகள் கூறின. பெரும் யானைக்கால் கட்டிகளை அறுப்பதில் நூற்றுக்கு ஐம்பதாக இருந்த சாவு ஐந்தாகக் குறைந்தது என்பதும் அவர் கணக்கே. வேறு யாரும் சரிபார்த்த கணக்கு அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவது முறை.

இனி அவர் கருத்துக்கு வருவோம். செயலில் இவ்வளவு துணிவுள்ளவர் விளக்கத்தில் சறுக்கிவிட்டார். தம் கையிலிருந்து நோயாளியின் உடலுக்கு ஏதோ ஓர் உயிர்ப்பொருள் பாய்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். பார்வையற்ற ஒருவரைத் தொலைவிலிருந்து நோக்கியே உறங்க வைத்ததாகவும், நீவிய நீரைப் பருகியவர்கள் உறங்கியதாகவும் சான்று காட்டினார். இதில் கற்பனைக்கு இடமே இல்லை என்பது அவர் கட்சி. கற்பனை என்று ஒப்புக்கொண்டால் எல்லாம் ஏமாற்று என்று ஆகிவிடும் என அஞ்சினார் போலும். எதிரிகளோ, எல்லாம் கற்பனையே, ஆகவே ஒன்றுமில்லை என்றார்கள்.

மான்செஸ்டர் நகரத்து ஜேம்ஸ் பிரெய்டு என்னும் மருத்துவர் ஒருவரே இடையில் நின்றார். பாய்மம் இல்லை, ஆனால் உறக்கம் உண்மை, ஒரே பொருளை உற்று நோக்கி மனம் குவிந்தால் போதும், அது தானே வரும் என்று 1843-இல் எழுதி, ஹிப்னாடிசம் என்ற பெயரையும் வழக்குக்குக் கொண்டுவந்தவர் அவர். எஸ்டெயில் அந்த வழிக்கு வரவில்லை. பாய்மத்தை விட மறுத்தவர், மெஸ்மரிச உறக்கத்தில் தொலைவில் நடப்பதையும் காண முடியும் என்று 1852-இல் ஒரு நூலே எழுதினார். எலும்பைக் கண்ணால் கண்டு அறுத்தவர் இப்படி எழுதினாரே என்று வருத்தமாக இருக்கிறது. அவர் பெயர் மருத்துவ நூல்களிலிருந்து நழுவியதில் இந்த நூலுக்கும் பங்கு இருக்கக்கூடும்.

கற்பனை ஒருவரின் காலை வலியின்றி வெட்ட இடம் கொடுக்குமானால், கற்பனை அற்பமான பொருளா? இரு தரப்பாரும் அந்தச் சொல்லை வசையாகவே பயன்படுத்தினார்கள். வசைச் சொல்லுக்குள்தான் கண்டுபிடிப்பு இருந்தது.

ஸ்காட்லாந்து திரும்பிய எஸ்டெயில் பெர்த் நகரில் தங்கினார். அங்கும் சிலருக்கு நீவிப் பார்த்தார். 1853-இல் ஈதரே முதல் வலிநீக்கி என்று கூறி அதைக் கண்டவருக்கு அமெரிக்கப் பேரவை பெரும் பரிசு தர முனைந்தபோது, அதற்கு முன்னரே வங்காளத்தில் வலியின்றி அறுத்தாயிற்று என்று மறுப்பு எழுதி அனுப்பினார். குளிர் ஒத்துக்கொள்ளாமல் தெற்கே, இலண்டனை அடுத்த சிடன்ஹாம் சென்றார். 1859 சனவரி 10-ஆம் நாள் அங்கே காலமானார். வயது ஐம்பதைத் தாண்டி ஐம்பத்தொன்று நிறையவில்லை.

அவர் விட்டுச் சென்ற கேள்வி ஒரு நூற்றாண்டு தூங்கியது. 1955-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் குழு ஹிப்னாடிசத்துக்கு மருத்துவத்தில் இடம் உண்டு என்று ஏற்றது. 1965-இல் மெல்சாக், வால் என்னும் இருவர் வாயில் கோட்பாட்டை வெளியிட்டார்கள். அடிபட்ட இடத்திலிருந்து வரும் செய்தி நேரே மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தில் வாயில் போன்ற ஓர் அமைப்பு உண்டு. மூளையே மேலிருந்து அதைத் திறக்கவும் மூடவும் வல்லது என்றார்கள். 1970-களில் ஸ்டான்போர்டில் ஹில்கார்டு என்னும் உளவியலறிஞர், ஹிப்னாடிச நிலையில் உள்ளவர்களின் கையைப் பனிநீரில் வைத்தார். வலிக்கவில்லை என்று வாய் சொன்னது. அவர்களுக்குள் மறைந்திருக்கும் மற்றொரு பகுதியை விளித்துக் கேட்டபோது, சிலரிடமிருந்து வலிக்கிறது என்று விடை வந்தது. கல்கத்தாக் குழு கண்ட கோணிய முகங்கள் உடனே நினைவுக்கு வருகின்றன அல்லவா? 1997-இல் மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் மூளையைப் படம் பிடித்தே பார்த்தார்கள். சுடுநீரின் வேதனை குறைகிறது என்று சொல்லி ஹிப்னாடிச நிலையில் நம்ப வைத்தபோது, வேதனையோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் இயக்கமும் மாறியது. நடிப்பு என்ற குற்றச்சாட்டு அத்தோடு பெரும்பாலும் ஓய்ந்தது. இவ்வுறக்கம் மிக எளிதில் வாய்ப்பவர்கள் சிலரே என்பதும் இன்று தெரியும். எஸ்டெயிலின் நோயாளிகள் சிலர் ஏன் உறங்கவேயில்லை என்பதற்கு அதுவே விடையாகலாம்.

அண்மைக் காலத்திலும் ஓர் எஸ்டெயில் இருந்தார். நியூயார்க்கில் முதுகுவலிக்கு மருத்துவம் பார்த்த ஜான் சார்னோ அவர். அடக்கி வைத்த கோபமும் கவலையுமே பெரும்பாலான தீராத முதுகுவலிக்குக் காரணம், அதை உணர்ந்தாலே வலி விலகும் என்று 1991-இல் எழுதிய நூலில் வாதிட்டார். ஏராளமானோர் குணமானதாகச் சொன்னார்கள். சக டாக்டர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. 2017-இல் தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தார். அவருடைய விளக்கத்தின் பல பகுதிகளுக்குச் சான்று போதாது. நீடித்த வலியில் மனத்துக்கும் பங்கு உண்டு என்பதை மட்டும் இன்று யாரும் மறுப்பதில்லை. மனத்துக்குப் பங்கு உண்டு என்பதும் வலியே இல்லை என்பதும் வேறு வேறு. எனக்கு இது தெரியாமல் போனதால்தான் ஆயாவிடம் வாயை விட்டேன்.

பாம்புக்கடிக்கும் முறிந்த எலும்புக்கும் நீவுபவரிடம் போகச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அவற்றுக்கு ஆஸ்பத்திரிதான். ஆயாவின் கழுத்து வேறு கதை. போன மாதம் மறுபடி பிடித்துக்கொண்டபோது நான்தான் சைக்கிளில் உட்கார வைத்து அழைத்துப் போனேன். நீவுபவர் கண்ணை மூடச் சொன்னார். நல்லெண்ணெய் தொட்டு, பிடரியிலிருந்து தோள் வரையில் ஒரே சீராக, அரை மணிக்கு மேல் நீவினார். கடைசியில் ஊதினார். ஆயா உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தார். காசு கேட்கவில்லை, வெற்றிலை பாக்கு வைத்துவிட்டு வந்தோம்.